நத்தங் கணவாயும் நம் பரண்மேல் துப்பாக்கியும்

(நத்தத்திற் கூடிய நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைய துப்பாக்கிகளைப் பற்றி யான் சில வார்த்தைகள் சொல்லவேண்டும் என்று சங்கத்தார் பணித்தனர். போரும் வேட்டையும் ஒழிந்த இந்நாளில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீடுகள் சிலவற்றில் பரண்மேலும் நெற்குதிரின் பின்னும் துருப்பிடித்த பழைய குழல் ஒன்று இன்றும் கிடக்கின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும் வாய்திறவாது இருக்கின்றோம். அந்த மௌனத்தைக் கலைப்பதே என் நோக்கம்.

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியினின்று நம்மிடம் வந்தது. பழங்காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, அதன்மேல் துணியோ நாரோ வைத்து, ஈயக்குண்டையோ ரவையையோ இட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்கவேண்டும். குழலின் அடியிலுள்ள பற்றுவாயின் அருகே சிறிது மருந்து வைத்து, புகைந்துகொண்டிருக்கும் திரியால் அதனைக் கொளுத்துவர். இதுவே திரித்துப்பாக்கி. பின்னர்ச் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் தீப்பற்றும் துப்பாக்கி வந்தது. 1807-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியாராகிய பார்சைத் என்பவர், அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அதிலிருந்தே பிற்காலத்துக் 'கேப்பு'த் துப்பாக்கி பிறந்தது. நம் நாட்டுப்புறத்தில் எஞ்சியவை பெரும்பாலும் இவ்வகையே.

இவற்றை 'ரைபிள்' என்று சிலர் அழைப்பது பிழை. குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டியிருந்தால்தான் அது ரைபிள். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். நம்மவர் கையாண்டவை வழுவழுப்பான உட்குழல் உடையவை. மருந்தோ வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றாலும் ஆயது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்த உப்பிலியர், மரம் கொடுத்த தச்சர், இரும்பு கொடுத்த கொல்லர் எனப் பல குலத்தார் உழைப்பும் ஒரு துப்பாக்கியினுள் அடங்கியிருந்தது. இதனை எக்குலத்தாரும் தமக்கே உரிய பெருமை என்று கொள்ளுதற்கில்லை.

இனி நம் ஊரின் கதைக்கு வருவோம். 1755-ம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியாரின் படைத்தலைவர் கர்னல் ஹெரான் மதுரைச் சீமைக்கு வந்தார். கான்சாகிபு என்று நாம் வழங்கும் யூசுப்கானும் அப்படையில் இருந்தார். மதுரைக்கு அணித்தான கோயிற்குடிக் கோயிலின் கதவுகள் எரிக்கப்பட்டன, விக்கிரகங்கள் கவரப்பட்டன. பின்னர்த் திருநெல்வேலிச் சீமை சென்று மீண்ட அப்படை, திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பும் வழியில் மே மாத இறுதியில் நத்தங் கணவாயுள் நுழைந்தது. இருபுறமும் அடர்ந்த காடு; ஒரு வண்டி மாத்திரம் செல்லத்தக்க பாதை. குண்டு ஏற்றிய வண்டியொன்று சேற்றில் அழுந்தி நின்றது. முன்படை அதனை அறியாது முன்னே சென்றுவிட்டது. அவ்வேளையில் கள்ளர் நாட்டார் அம்பும் வல்லயமும் திரித்துப்பாக்கியும் கொண்டு பின்படைமேற் பாய்ந்தனர். 'சாமி, சாமி' என்று கூவிக்கொண்டே விக்கிரகங்கள் இருந்த வண்டியை நாடிச் சென்று அவற்றை மீட்டனர். இதனை எழுதிவைத்தவர் நம்மவர் அல்லர். கும்பினியாரின் சரித்திராசிரியராகிய ராபர்ட் ஓர்ம் என்பவரே. ஹெரான் சென்னையில் இராணுவ விசாரணைக்கு உள்ளாகி உத்தியோகம் இழந்தார்.

இக்கதையை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கின்றோம், மகிழ்வதும் தகும். ஆயின் ஓர்ம் எழுதிய மற்றொன்றை நாம் சொல்வதில்லை. அன்று படையைப் பின்தொடர்ந்து வந்த ஆயுதமற்ற ஏவலாளரும், பெண்டிரும், பிள்ளைகளும் அக்கணவாயில் வெட்டுண்டனர் என்பதே அது. தெய்வத்தை மீட்ட கையே குழந்தைமேலும் ஓங்கியது என்றால், அதையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். பாதியை மறைத்துச் சொல்லும் பெருமை பெருமையாகாது.

அதே 1755-ம் ஆண்டில் திண்டுக்கல்லுக்குப் பௌஜுதாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் உதவியுடன் அங்கே ஆயுதசாலை அமைத்தார். பின்னர்த் திண்டுக்கல் கோட்டை பலமுறை கைமாறி, 1792-ம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியாரைச் சேர்ந்தது. பாளையக்காரர் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1801-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு வெளியிட்ட விளம்பரத்தால் குடிகள் துப்பாக்கியும் வல்லயமும் வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் அத்தடையை இந்தியா முழுவதற்கும் உறுதிசெய்தது.

ஆயுதம் போனபின் வந்தது பழி. குற்றப்பரம்பரைச் சட்டம் நம்மவர் பலரை இரவுதோறும் கச்சேரியிற் கைநாட்டு வைக்கச் செய்தது. அச்சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டனர்; பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. அப்பழி நீங்கப் பட்ட பாட்டை நம் பாட்டன்மார் அறிவர். இன்று லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி ஒன்று நம்மவர் வீட்டில் அகப்பட்டால், பத்திரிகையில் வருவது ஒருவர் பெயராக மாத்திரம் இராது. பழைய பழியும் உடன் எழுந்துவரும்.

குடகு நாட்டாரைப் பாருங்கள். அவர்களுக்கு ஆயுதச் சட்டத்தினின்று விலக்கு நெடுங்காலமாக உண்டு. 2019-ம் ஆண்டில் அது 2029 வரையில் நீட்டிக்கப்பட்டது. கைல்போல்து என்னும் திருநாளில் அவர்கள் துப்பாக்கியைப் பூவிட்டு வணங்கி, உயரக் கட்டிய தேங்காயைச் சுட்டு விளையாடுவர். அமெரிக்க தேசத்தில் 1933-ம் ஆண்டு முதலே வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளைச் சேர்ப்போர்க்கும் சுடுவோர்க்கும் தேசிய சங்கம் ஒன்று உண்டு. பல தேசத்தார் கூடிய சர்வதேச சங்கம் 1971-ம் ஆண்டில் தோன்றியது. அவர்கள் போட்டிகளில் குறியை நோக்கிச் சுடுகின்றனர், உயிரை நோக்கியன்று. அவர்கள் அனைவரும் வெளிச்சத்தில் வைத்துப் பேணுகின்றனர். நாமோ இருட்டில் வைத்துத் துருவேற விடுகின்றோம்.

ஆகவே செய்யத்தக்கன யாவை? முதலாவது, பரணிற் கிடக்கும் குழலை எவரும் விளையாட்டாக எடுத்தல் கூடாது. பல ஆண்டுக்கு முன் இட்ட மருந்து உள்ளேயே இருக்கலாம். காய்ந்த மருந்து காலத்தால் உயிர் இழப்பதில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று பேரன் குதிரையை இழுத்து உயிர்ச்சேதம் விளைந்தால் எவர் பொறுப்பு? அறிந்தவரைக் கொண்டே அது வெறுங்குழலா என்று சோதித்தல் வேண்டும். மெல்லிய கோலொன்றைக் குழலினுள் விட்டு அளந்து, அந்நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டு, கோல் பற்றுவாய்வரை செல்லாதாயின் உள்ளே ஏதோ இருக்கின்றது என்று உணர்வர்.

இரண்டாவது, சட்டத்துக்கு அஞ்சி ஆற்றிலும் கிணற்றிலும் எறியவேண்டுவதில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு, பழுது நீக்கினாலும் சுடமுடியாத நிலையிலுள்ள பழம்பொருளாகிய ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கின்றது. அந்நிலையில் இல்லாதவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உடையவர் இறந்தால் வாரிசுதாரர் தம் பெயருக்கு லைசென்ஸ் கோரி விண்ணப்பிக்கலாம். வைத்திருக்க உரிமையற்றவர் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடத்திலோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸின்றி வைத்திருந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. ஒரு நல்ல வக்கீலின் யோசனையைப் பெற்று முறைப்படி நடத்தலே அறிவுடைமை.

மூன்றாவது, சிறுமலையிலும் கரந்தமலையிலும் மானுக்கும் பன்றிக்கும் குறிவைக்கும் ஆசையை அடியோடு விடவேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது என்பதற்காக மாத்திரம் அன்று. அம்மலைகளின் உயிர்வளம் நம் பிள்ளைகளுக்கும் உரியது ஆதலால்.

நான்காவது, இது சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். எவ்வீட்டில் எவ்வகை ஆயுதம் முறைப்படி உள்ளது, யார் செய்தது, யார் கையாண்டது என்னும் செய்திகளை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் வைக்கப்பட்டுள்ளன. அரசர் ஆயுதங்கள் அங்கே உள. குடியானவன் துப்பாக்கிக்கும் ஓர் இடம் வேண்டாவா? உரியவர் மனம் ஒப்பினால், அதிகாரிகளின் அநுமதியுடன் அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்கு அதனை அளிக்கலாம். குழலுக்கு வழி இல்லையாயினும் அதன் கதைக்கேனும் வழி செய்வோம்.

சகோதரர்களே! நத்தங் கணவாயில் நம் முன்னோர் தம்மினும் பெரிய படையை எதிர்த்துச் சென்றது தமக்கு உரிய தெய்வத்தை மீட்பதற்கே. இன்று நாம் மீட்கவேண்டுவது நற்பெயர். அதற்கு மருந்தும் குண்டும் வேண்டா; மறைத்ததை வெளியே எடுத்து வைக்கும் துணிவு ஒன்றே போதும். இன்றிரவு வீடு சென்றதும் ஒவ்வொருவரும் தத்தம் பரணை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.