தீவுகளுக்குப் பெயர் வந்த கதை

தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்துமாக்கடலையும் பசிபிக் மாக்கடலையும் சற்றே உற்று நோக்குங்கள். நீலப் பரப்பிலே கடுகைத் தூவியதுபோல் சின்னஞ்சிறு தீவுகள் தெரியும். அவற்றின் பெயர்களைப் படித்தால் வியப்பு உண்டாகும். ஒரு தீவின் பெயர் கிறிஸ்துமஸ். இன்னொன்றின் பெயர் ஈஸ்டர். வேறொன்றோ பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்பெயர்களை இட்டவர்கள் யார்? ஏன் இட்டார்கள்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

பெயரிடுதல் மாலுமிக்கு விளையாட்டன்று. அது அவனுடைய தொழிலின் ஒரு பகுதி. கப்பல் தலைவன் நாள்தோறும் குறிப்பேடு எழுதவேண்டும். கண்ட கரை எங்கே இருக்கிறது, குடிநீர் உண்டா, பாறை உண்டா என்பனவற்றைப் பதியவேண்டும். பின்னால் வருகிறவன் அதை நம்பித்தான் கப்பலைச் செலுத்துவான். பெயரில்லாத தீவைப் பற்றி அவனுக்கு எப்படி எச்சரிப்பது? ஆகவே, அந்த வேளையில் மனத்தில் தோன்றிய பெயரைச் சூட்டினார்கள்.

எளிதில் தோன்றியது நாட்காட்டிதான். 1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ‘ராயல் மேரி’ என்ற கப்பல் சாவகத் தீவுக்குத் தெற்கே சென்றுகொண்டிருந்தது. அதன் தலைவர் வில்லியம் மைனர்ஸ் ஒரு தீவைக் கண்டார். அன்று கிறிஸ்துமஸ் திருநாள். தீவுக்கும் அதுவே பெயராயிற்று. நமக்கும் அத்தீவுக்கும் தொடர்பு உண்டு, நேயர்களே. அங்கே பாஸ்பேட் என்னும் உர மண் கண்டறியப்பட்டது. அதை வெட்டியெடுக்கச் சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தொழிலாளர்கள் சென்றார்கள். 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும் வரையில் அத்தீவின் நிர்வாகம் சிங்கப்பூரோடு இணைந்திருந்தது.

பசிபிக் மாக்கடலிலும் ஒரு கிறிஸ்துமஸ் தீவு உண்டு. 1777ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கேப்டன் குக் அங்கே வந்து சேர்ந்து, பண்டிகையை அங்கேயே கழித்தார். டச்சுக்காரரான யாக்கோப் ரோகவீன் 1722ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று கண்ட தீவுதான் ஈஸ்டர் தீவு. மாபெரும் கற்சிலைகளால் உலகப் புகழ் பெற்ற தீவு அது.

சில தீவுகளுக்குக் கண்ணால் கண்ட தோற்றமே பெயராயிற்று. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள பெட்ரா பிராங்கா இதற்குச் சான்று. போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ‘வெள்ளைப் பாறை’ என்பது பொருள். மலாய் மொழியில் ‘பத்து பூத்தே’ என்றாலும் பொருள் அதுவே. கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்துத் தோன்றிய பாறையை, இரு மொழியினரும் ஒரே கண்ணோடு பார்த்திருக்கிறார்கள்.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். 1767ஆம் ஆண்டு ஜூலை மாதம், பிலிப் கார்ட்டரெட் என்பவரின் கப்பலிலே, பதினைந்து வயது நிரம்பிய இராபர்ட் பிட்கேர்ன் பசிபிக் கடலில் ஒரு தீவை முதலில் கண்டான். அவன் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பெயர் சரியாக அமைந்தது. இடந்தான் தவறிப் போயிற்று. கடலிலே தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிப்பது அக்காலத்தில் மிகக் கடினம். படத்தில் அத்தீவு ஏறத்தாழ மூன்று பாகை தள்ளிக் குறிக்கப்பட்டது. 1789இல் ‘பௌண்டி’ என்ற கப்பலில் கலகம் செய்தவர்களுக்கு இப்பிழையே அரணாக அமைந்தது. அவர்கள் 1790இல் பிட்கேர்னை அடைந்து, கப்பலைக் கொளுத்திவிட்டு அங்கேயே ஒளிந்து வாழ்ந்தார்கள். 1808இல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து சேரும்வரை அவர்கள் அங்கே இருப்பதை வெளியுலகம் அறியவில்லை.

நேயர்களே, எல்லாப் பெயர்களும் இவ்வாறு யாரையும் புண்படுத்தாதவை அல்ல. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியப் படையில் இருந்தவர் மெகல்லன். அவர் பின்னர் ஸ்பெயினுக்காகக் கடலோடி, 1521இல் குவாம் தீவை அடைந்தார். தீவினர் அவருடைய சிறு படகொன்றை எடுத்துச் சென்றார்கள். அவரோ கரையேறி அவர்களுடைய வீடுகளைக் கொளுத்தினார், எழுவரைக் கொன்றார்கள். அத்தீவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘திருடர் தீவுகள்’. உயிரைப் பறித்தவர், படகை எடுத்தவரைத் திருடர் என்றார்! ‘மரியானா’ என்று பெயர் மாறியது 1668இல்தான். அதுவும் ஸ்பெயின் நாட்டு அரசியின் பெயரே.

கேப்டன் குக்கும் இப்படி ஒரு பெயரை விட்டுச் சென்றார். 1774இல் நியுவே தீவினர் அவரைக் கரையேற விடவில்லை. உடனே அது ‘காட்டுமிராண்டித் தீவு’ ஆயிற்று. தம்மை விருந்தோம்பிய டோங்கா மக்களின் தீவுகளையோ அவர் ‘நட்புத் தீவுகள்’ என்றார். இவை தீவுகளைப் பற்றிச் சொல்வதைவிட, வந்தவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றியே மிகுதியாகச் சொல்கின்றன.

அப்படியானால் அங்கே வாழ்ந்த மக்கள் தம் மண்ணுக்குப் பெயர் வைக்கவில்லையா? வைத்திருந்தார்கள். வந்தவர் கேட்கவில்லை, கேட்டாலும் மொழி விளங்கவில்லை. படம் அச்சானது ஐரோப்பாவில். ஆகவே அச்சான பெயரே உலகெங்கும் பரவியது. இன்று நிலைமை மாறி வருகிறது. ஈஸ்டர் தீவினர் தம் தீவை ராப்பா நூயி என்கிறார்கள். நியுவே, டோங்கா என்னும் பெயர்களே இன்று வழங்குகின்றன. வந்த பெயரைத் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. குக் கண்ட கிறிஸ்துமஸ் தீவை அந்நாட்டார் கிரிஸ்மஸ் என ஒலிக்கிறார்கள். தம் எழுத்து முறைப்படி ‘கிரிதிமாதி’ என்று எழுதுகிறார்கள். 1979இல் விடுதலை பெற்ற கிரிபாஸ் என்ற அந்நாட்டின் பெயரே, கில்பர்ட் என்னும் கப்பல் தலைவரின் பெயர் உருமாறியதுதான்.

ஆகவே, இனித் தேசப்படத்தில் ஒரு தீவைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இப்பெயரை இட்டவர் யார்? எந்த நாளில், எந்த நிலையில் இட்டார்? அதற்கு முன்பு அங்கிருந்தவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள்? முதலிரண்டு கேள்விகளுக்கும் கப்பல் குறிப்பேடுகளில் பெரும்பாலும் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு அம்மண்ணின் மக்களிடந்தான் விடை உண்டு. அதனைக் கேட்டறிவதே முழுமையான கல்வியாகும்.