கரும்புகையும் காற்றளவும்



தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவுக்கு வருகின்றன. உப்பளங்களிலிருந்து உப்பையும், 1974-இல் பெருந்துறைமுகமாக உயர்ந்த துறைமுகத்திலிருந்து பல்வகைச் சரக்குகளையும் சுமந்து செல்லும் லாரிகளும் இந்நகர வாழ்வில் பங்கு கொண்டவையே. அவற்றுள் பழையதொரு லாரி, பாரத்துடன் புறப்படும்போது கரும்புகை கக்குவதைக் கண்டிருப்பீர்கள். அப்புகை எதனால் எழுகிறது? அதனைக் குறைக்கும் வழி யாது?

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் தீப்பொறிக்கு இடமில்லை. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதனுள் நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். எண்ணெயும் காற்றும் சீராகக் கலப்பதற்குரிய நேரம் மிகச் சிறிதாதலின், நடைமுறையில் அதனினும் மிகுதியான காற்று தேவைப்படுகிறது. காற்று போதாதவிடத்து எண்ணெயிலுள்ள கரி எரியாது எஞ்சுகிறது. அதுவே கரும்புகை.

இதனை உணராதார் சிலர், வண்டி பாரம் இழுக்கவில்லை என்று கருதி, எரிபொருள் பம்பின் முத்திரையை உடைத்து, உச்ச அளவைக் காக்கும் திருகைத் திருப்பிவிடுகின்றனர். தொடக்கத்தில் இழுவை சற்றுக் கூடுவது உண்மையே. ஆயினும் காற்று கூடவில்லை அன்றோ? ஓர் எல்லைக்குமேல் செலுத்தும் எண்ணெய் விசையாகாது புகையாகிறது. சூடு மிகுந்து பிஸ்டனும் வால்வும் கெடுகின்றன. முத்துக்குளிப்பவர் தம் மூச்சின் அளவறிந்தே கடலடியில் தங்குவர். இயந்திரத்துக்கும் மூச்சே எல்லை.

ஆகவே, சீர்செய்யும் பணியைக் காற்றிலிருந்தே தொடங்கவேண்டும். தூசி அடைந்த காற்று வடிகட்டியை முதலில் மாற்றுக. டர்போ பொருத்திய வண்டியாயின், அதன் குழாய்களில் காற்றுக் கசிகிறதா எனப் பார்க்க. அடுத்து, நாசில் எனப்படும் பீச்சுமுனைகளைக் கழற்றி, அவை உரிய அழுத்தத்தில் திறக்கின்றனவா, பனிபோலத் தூவுகின்றனவா, சொட்டுகின்றனவா எனச் சோதிக்க. பின்னர் எண்ணெய் பீச்சும் நேரத்தைச் சரிபார்க்க. இறுதியாகவே பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, எல்லா ஸிலிண்டருக்கும் ஒரே அளவில், தயாரித்தோர் குறித்த உச்ச அளவுக்குள் எண்ணெய் செல்லுமாறு அமைத்து, மீண்டும் முத்திரையிடவேண்டும். புகையின் நிறமும் வழிகாட்டும்: நீலம், மசகெண்ணெய் எரிவதன் அடையாளம், சூடேறிய பின்னும் நீங்காத வெண்மை, எண்ணெய் எரியாமலே வெளிவருவதன் அடையாளம்.

டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த லாரிகளில், எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து தருகிறது. கரித்துகளை வடிகட்டி தடுத்து நிறுத்துகிறது. எனினும் பழைய லாரிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ஓட்டுநரும், மூட்டை தூக்குவோரும், சாலையோரம் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவருமே ஆவர். வண்டிக்கு உடையவருக்கோ, புகையாய்ப் போவது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய். பம்பின் திருகை அதன் அளவிலே நிறுத்துவது இவர்கள் அனைவருக்கும் நலம் பயக்கும்.