நடந்தவள் பேசினாள்

காப்பியத் தலைமக்கள் புறப்பட்ட நிலையிலேயே பயணத்தை முடிப்பதில்லை. சிலப்பதிகாரக் கண்ணகியோ ஊருக்கே திரும்பவில்லை. புகாரை விட்டுச் சிறிது தொலைவு நடந்ததுமே தளர்ந்து, மதுரை எதுவென வினவுகிறாள். 30 காதத் தொலைவை ஆறைந்து காதமெனக் கூறிக் கோவலன் நகைக்கிறான். பிழைப்பு நாடி வந்த நமக்கு அந்நகைப்பு நன்கு விளங்கும்!

புகாரில் அதிகம் பேசாதவள், பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து வழக்குரைக்கிறாள். துயரம் ஒரு நொடியில் அவளை மாற்றியது என்பர் சிலர். நாம் உடன்படோம். கவுந்தியடிகளோடு நடந்த காட்டுவழியிலும், மாதரி தந்த மனையில் காயரிந்து விரல் சிவந்தபோதும் அம்மாற்றம் தொடங்கிவிட்டது.

மதுரை எரிந்து 14 நாள் கழிந்தபின், சேரநாட்டு மலையில் வேங்கை நிழலில் நின்றவளைத் தெய்வமெனத் தொழுதோர், அவள் பெயரும் அறியாத குன்றக் குறவர்.