கையும் கருத்தும்



"உழைக்கிற உடம்புக்குப் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். "படித்தவன் மண்வெட்டி பிடிக்கலாமா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் ஒருவருடைய வாழ்க்கையே பதில். அவர்தான் வ.உ.சிதம்பரனார்.

மீனாட்சிபுரத்துக்குக் கோயம்புத்தூர் பக்கம். கண்ணூரோ கேரளத்தின் வடக்கே இருக்கிறது. இந்த இரண்டு ஊர்ச் சிறைகளிலும் அவர் இருந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்த எல்லை ஊருக்கு அவர் அந்நியர் அல்லர்.

வ.உ.சி. 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சிறு வயதில் நீச்சல், சிலம்பம், குதிரையேற்றம் பழகினார். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார்.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. உழைக்கும் உடம்புக்கு ஓய்வும் வேண்டும் அல்லவா?

அதே ஆண்டு அவரைக் கைது செய்தார்கள். கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் கிழிக்க வைத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு மாடு இழுக்கும் செக்கை இழுக்க வைத்தார்கள்.

உடம்பு வதைபட்டது. ஆனால் அறிவு சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலைச் சிறையிலேயே தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' என்ற நீதி நூலை எழுதினார்.

1912-ல் விடுதலையானார். கப்பல் இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் போயிருந்தது. சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். கப்பல் விட்டவர் எந்தத் தொழிலையும் இழிவு என்று ஒதுக்கவில்லை.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அவருக்கு வக்கீல் உரிமையைத் திரும்பப் பெற்றுத் தந்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு 'வாலேசுவரன்' என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கில ஆட்சியை எதிர்த்தார். ஆனால் நல்ல மனிதரை மறக்கவில்லை. நிறைகுடம் தளும்பாது என்பது இதுதான்.

நண்பர்களே! தென்னந்தோப்பிலும் வயலிலும் பாடுபடுகிறவருக்கு உடம்பு ஏற்கெனவே உழைக்கிறது. அவருக்குத் தேவை நல்ல சாப்பாடு, போதிய தூக்கம், தினமும் அரைமணி நேரப் படிப்பு. உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்குத் தேவை நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரண்டு பேருக்கும் பணிவு வேண்டும். எழுதத் தெரிந்தவர் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுத்த பின், அவரிடம் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும்.