பாசி கூறும் சான்று



காவிரியின் தென்கரையில் அமைந்த குத்தாலத்தைச் சூழ்ந்த வயல்களில், நடவு முடிந்து சில நாட்கள் கழிந்ததும் தேங்கிய நீரின்மேல் பச்சைப் படலம் ஒன்று தோன்றும். அதுவே பாசி. படித்துறையில் வழுக்குவது, குளத்தை மூடுவது என்று அதனை இகழ்வோர் உண்டு. ஆயினும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரசனை ஈர்த்து நெற்பயிருக்கு உணவாக்கித் தருகிறது. இவ்வுண்மையைப் பி.கே. தே என்னும் வங்காள அறிஞர் 1939ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டார். பாசி நீரில் உயிர்வளி பெருக்குகிறது, நீர்ப்பூச்சிக்கு உணவாகிறது, அப்பூச்சி மீனுக்கு உணவாகிறது. பாசி அழியுமாயின் அத்தொடர் முழுவதும் தளரும்.

இன்று அப்பாசிக்கு ஒரு புதிய சோதனை வந்துள்ளது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை ஆலைகள் செய்கின்றன. வெயில் காப்புக் களிம்பிலும் வண்ணப்பூச்சிலும் டைட்டானியம், துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடுத் துகள்கள் உள்ளன. ஆடைகளில் வெள்ளித் துகள் சேர்க்கப்படுகிறது. கழுவும் நீரோடு இவை வடிகால் வழியே ஆற்றை அடையக்கூடும். நீரை வடிகட்டிப் பருகுவது சமண இல்லங்களின் தொன்மையான ஒழுக்கம். அவ்வடிகட்டும் துணியும் இத்துகளைத் தடுக்காது.

ஆகவே நீரில் கலக்குமுன் ஆய்ந்தறிதல் வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த 201ஆம் எண் சோதனை நெறி அதற்குப் பயன்படுகிறது. கண்ணாடிக் குடுவைகளில் பாசி வளர்க்கப்படுகிறது. ஒரு குடுவையில் எதுவும் சேர்ப்பதில்லை. ஏனையவற்றில் துகளைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்க்கின்றனர். 72 மணி நேரம் ஒளியில் வைத்து, பாசியணுக்கள் எவ்வளவு பெருகின என்று கணக்கிடுகின்றனர். துகள் சேராத குடுவையில் பாசி 16 மடங்கேனும் பெருகாவிடில் அச்சோதனை செல்லாது.

நானோ துகளில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அது நீரில் திரண்டு கட்டியாகும். பாசியைப் போர்த்து ஒளியை மறைக்கும். பாசி நஞ்சால் மாண்டதா, இருளால் மெலிந்ததா என்று பிரித்தறிவது ஆய்வாளரின் கடமையாகிறது.

வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்னும் இரு நன்னீர்ப் பாசிகளைக் கொண்டு டைட்டானியம் டைஆக்சைடைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். குளோரெல்லாவின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க, பருத்த துகள் லிட்டருக்கு 35.50 மில்லிகிராம் தேவைப்பட்டது; நானோ துகளோ 16.12 மில்லிகிராமே போதுமானதாயிற்று. பொருள் ஒன்றே, சிறுமையால் அதன் கடுமை இருமடங்காயிற்று.

இது பெரிய அளவு; ஆற்றுநீரில் மதிப்பிடப்படும் அளவு இதனினும் மிகக் குறைவு என்பதையும் கூறுதல் நேர்மை. ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆய்வில், துத்தநாக ஆக்சைடு லிட்டருக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் துத்தநாக அளவிலேயே ஒரு பாசியின் வளர்ச்சியைப் பாதியாக்கியது. அங்கே நானோ துகளுக்கும் பருத்த துகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. நீரில் கரைந்த துத்தநாகமே தீங்கு செய்தது. ஒன்றில் துகளின் சிறுமை கேடு. மற்றொன்றில் கரைதல் கேடு. எனவே ஒரு பொருளுக்குக் கண்ட முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறலாகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

இந்திய வேளாண்மையிலும் நானோ இடுபொருள்கள் வந்துவிட்டன. அவற்றை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020இல் வெளியிட்டது. 2021இல் நானோ யூரியா 500 மில்லிலிட்டர் குப்பியில் விற்பனைக்கு வந்தது. யூரியா நீரில் கரைவது. அதனை உலோகத் துகளோடு ஒன்றாக எண்ணி அஞ்சுதல் தவறு. ஆயினும் எந்தப் புதிய இடுபொருளையும் வாங்கும் உழவர், ‘இது நீர்வாழ் உயிர்களில் சோதிக்கப்பட்டதா?’ என்று வினவுதல் தவறாகாது. தீபங்குடி, மன்னார்குடி போன்ற ஊர்களில் நிலமுடைய சமணக் குடும்பங்கள் அவ்வினாவை முதலில் எழுப்பத் தகுதியுடையவை. தெளிப்பானையும் குப்பியையும் வாய்க்காலில் கழுவாதிருப்பது அவரவர் கையிலுள்ள நோன்பு. குத்தாலத்தைக் கடக்கும் காவிரி மயிலாடுதுறை வழியே பூம்புகார் வரை செல்கிறது. இங்கே கழுவியது அங்கேயும் சேரும்.

ஓர் ஐயம் எழலாம். சோதனையிலும் பாசி என்னும் ஓரறிவுயிர் மாள்கிறதன்றோ? உண்மை, அதனை மறைத்தல் ஆகாது. குடுவையில் சில மாள்வதைக் கண்டு, ஆற்றில் எண்ணற்றவை மாளாமல் காப்பதே அச்சோதனையின் நோக்கம். சோதித்தறிந்த முடிவைப் பொருட்படுத்தாது விடுவோமாயின், குடுவையில் மாண்டவையும் வீணே மாண்டவையாகும். ஆற்றில் உள்ளவையும் காக்கப்படா.

வாயற்ற அவ்வுயிர் மூன்று நாட்களில் தன் வளர்ச்சியாலும் தளர்ச்சியாலும் சான்று கூறிவிடுகிறது. அச்சான்றுக்குச் செவிசாய்ப்பதே கொல்லாமையை இக்காலத்தில் கடைப்பிடிக்கும் முறைகளுள் ஒன்றாகும்.