தலைத்தோலில் தங்கும் மை



திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. சித்ரா வால்வு என்று பெயர் பெற்ற செயற்கை இதய வால்வு அங்கேதான் உருவானது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செய்த முதல் மூன்று வடிவங்களும் சோதனையில் தோற்றன. நான்காவது தேறி, 1990 டிசம்பரில்தான் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்துக்குள் போனது. கூண்டு உலோகம் தாங்குமா, வட்டு தேயுமா, ரத்தம் அதை எப்படி ஏற்கும் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தார்கள். உடலுக்குள் போய்த் தங்கப்போகிற பொருளை அப்படித்தான் நடத்த வேண்டும்.

இன்று அதே நகரத்தில், முடி கொட்டிய தலைகளில் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகளை ஊசியால் இறக்குகிறார்கள். ஹேர் டாட்டூ என்கிறார்கள். கிளினிக் பலகைகளில் ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன், சுருக்கமாக எஸ்.எம்.பி. அந்த மையும் உள்ளே போய்த் தங்குகிற பொருள்தான். அதில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதைச் செய்துகொள்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இருபத்தைந்து வயதில் முன்நெற்றி ஏறிப்போன இளைஞனின் மனம் எனக்குப் புரிகிறது. புழுவெட்டு வந்து திட்டுத்திட்டாக முடி போன பெண்கள் இருக்கிறார்கள். முடிமாற்று சிகிச்சைக்காக முடி எடுத்த பின்னந்தலையில் வெள்ளைத் தழும்பு விழுந்தவர்கள் இருக்கிறார்கள். திறமையான கை செய்தால், மொட்டையடித்து ஓரிரு நாள் ஆன தலைபோல இயல்பாகத் தெரியும். வித்துராவில் இருக்கிறவர்கூடக் கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, நெடுமங்காடு வழியாகப் பேருந்தேறிப் போய்ச் செய்துகொண்டு வந்துவிடலாம். அவர் விலை கேட்பார், வலிக்குமா என்று கேட்பார், எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்பார். மைக்குப்பியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படிக்கிறவர் அபூர்வம்.

பச்சை குத்துவது நமக்குப் புதிதல்ல. பொன்முடி, போனக்காடு தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் முன்கையில் கோலமும் பெயரும் பார்த்திருப்பீர்கள். அந்த மை எப்படிச் செய்தார்கள் என்று இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, படிகிற கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். குத்தியவர்கள் குறவர் இனப் பெண்கள். மஞ்சளும் அகத்தியும் கேட்க இதமாக இருக்கின்றன. தோலுக்குள் போனதோ விளக்குக் கரி.

இன்றைய தலை மையின் அடிப்படையும் பெரும்பாலும் கரிதான். கார்பன் பிளாக் என்று பெயர். உலகத்தில் தயாராகும் கார்பன் பிளாக்கில் மிகப் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. எண்ணெயையோ வாயுவையோ அரைகுறையாக எரித்து எடுக்கும் பொருள் அது. அரைகுறையாக எரிந்த எதிலும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. லண்டனில் புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் பின்னாளில் வந்த தோல் புற்றுக்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதினார். ஆக, கேள்வி கரியா இல்லையா என்பது இல்லை. எவ்வளவு சுத்தமான கரி என்பதுதான் கேள்வி.

இந்தச் சுத்தம் குப்பிக்குக் குப்பி எவ்வளவு மாறும் தெரியுமா? ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் கடையில் வாங்கிய கறுப்பு மைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு மையில் ஒரு கிராமுக்கு 0.14 மைக்ரோகிராம் ஹைட்ரோகார்பன். இன்னொன்றில் 201 மைக்ரோகிராம். இரண்டும் கறுப்பு, இரண்டும் பச்சை குத்த விற்றவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அனுபவசாலியான கலைஞராலும் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல முடியும். புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திய ஹைட்ரோகார்பன் ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இன்று வைத்திருக்கும் வரம்பு ஒரு கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம். 

கார்பனோடு இரும்பு ஆக்ஸைடுகளும் வரும்: கறுப்பு, சிவப்பு, மஞ்சள். நம் தோல் நிறத்துக்கும் முடியின் பழுப்புச் சாயலுக்கும் பொருத்த இவற்றைக் கலப்பார்கள். இரும்பு ஆக்ஸைடு பொதுவாகச் சாதுவான பொருள். சுத்தம் குறைந்த சரக்கில் நிக்கலும் குரோமியமும் ஈயமும் ஆர்செனிக்கும் உடன் வரும் என்பதுதான் அதன் குறை. கவரிங் நகை போட்டாலே காது அரிக்கிறவர்கள் நிக்கல் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாயலை வெளுப்பாக்க டைட்டானியம் டை ஆக்ஸைடு சேர்ப்பதுண்டு. திருவனந்தபுரம்காரர்களுக்கு அது அறிமுகமானது. கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலை பெயிண்டுக்காகக் காலங்காலமாகத் தயாரிக்கும் அதே வெள்ளைப் பொடி. நிறப்பொருள் தொழில் முழுக்கவே இப்படித்தான். பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் டயருக்கும் என்று செய்ததில் ஒரு துளி, ஊசி முனைக்கு வந்து சேர்கிறது.

உள்ளே போன மை அங்கே என்ன ஆகிறது? பலர் நினைப்பதுபோலத் துணிச் சாயமாய் ஊறி நிற்பதில்லை. நோய்க் கிருமிகளை விழுங்கும் நம் வெள்ளைச் செல்கள் அதை எதிரி என்று விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செல் சாகும்போது மை வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. பிரான்சின் மார்சேயில் ஆய்வாளர்கள் எலிகளில் இதை 2018இல் காட்டினார்கள். நாம் நிரந்தரப் புள்ளி என்று நினைப்பது, ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கும் மை. ஒரு பகுதி நிணநீரோடு நகர்ந்தும் போகிறது. இறந்தவர்கள் சிலரின் தோலையும் நிணநீர் முடிச்சுகளையும் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியின் கதிரில் வைத்துப் பார்த்தபோது, முடிச்சுகளுக்குள் மிக நுண்ணிய நிறத்துகள்கள் இருந்தன. அது 2017 ஆய்வு. தலைத்தோலின் நிணநீர் காதுக்குப் பின்னும் பிடரியிலும் உள்ள முடிச்சுகளுக்கு வடிகிறது. பின்னாளில் வேறு நோய்க்காக அந்த முடிச்சைப் பரிசோதிக்கும் மருத்துவர், கறுத்துப்போன முடிச்சைப் புற்று பரவியது என்று சந்தேகிக்க இடமுண்டு. தலையில் மை போட்டிருக்கிறேன் என்று எந்த மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதைக் கேட்டு, ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் பயந்துபோக வேண்டாம். கறுப்பு மைக்கு ஒவ்வாமை வருவது குறைவு. சிவப்பு மைதான் அதிகம் தொந்தரவு தருவது. கார்பன் பிளாக்கையும் டைட்டானியம் டை ஆக்ஸைடையும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருப்பது, தூசியாகச் சுவாசிப்பதை வைத்துத்தான். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 12,000 பேரை வைத்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை குத்தியவர்களுக்கு லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றின் அபாயம் 21 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் பெரிதாகக் குத்தியவர்களுக்குக் கூடுதல், சிறிதாகக் குத்தியவர்களுக்குக் குறைவு என்ற வரிசை அதில் வரவில்லை. மைதான் காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. தலையில் மை இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பதும் மிகையான பயம். லண்டனில் பச்சை குத்திய 330 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்ததில் ஒரே ஒருவருக்கு லேசான தொந்தரவு வந்தது, அதுவும் தானே சரியானது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

தலைத்தோல் மைக்கென்றே உள்ள இன்னொரு ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முடியின் வேர்ப்புள்ளி அட்டைக் கறுப்பாக இருக்காது, சாம்பலாக இருக்கும். அதனால் கறுப்பு மையை நீர்த்துத்தான் பயன்படுத்துவார்கள். எதை ஊற்றி நீர்க்கிறார்கள்? 2011, 2012 காலத்தில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்தில் பச்சை குத்திய 19 பேருக்குத் தோலில் ஆறாத தடிப்பு. சோதித்ததில் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் உறவு. கலைஞர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். கறுப்பை நீர்த்துச் சாம்பலாக்கித் தயாரிப்பாளரே அடைத்து அனுப்பிய மையில் கிருமி இருந்தது; நீர்க்கப் பயன்பட்டது காய்ச்சி வடித்த நீர். காய்ச்சி வடித்த நீருக்கே இந்த நிலை என்றால், குழாய்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் யோசித்துப் பாருங்கள். கிருமிநீக்கம் செய்து முத்திரையிட்ட நீர்ப்பான் மட்டுமே அந்த மைக்குள் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940. அழகுசாதனம் எது என்று அது விளக்கும்போது, தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது என்பதோடு உடலுக்குள் செலுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. அழகுக்காகத் தோலுக்குள் இறக்கும் மையும் இந்த விளக்கத்துக்குள் வரும் என்றுதான் நான் படிக்கிறேன். கோளாறு அளவில் இருக்கிறது. அழகுசாதன நிறப்பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை இருக்கலாம் என்பது நம் விதி; மேலே பூசிக் கழுவிவிடும் பொருளை மனதில் வைத்து எழுதியது. ஐரோப்பிய ஒன்றியம் பச்சை குத்தும் மைக்கென்று தனி விதி செய்து, 2022 ஜனவரி 4 முதல் 4,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் கட்டுப்படுத்தியது. அங்கே மை முழுவதிலும் ஈயம் பத்து லட்சத்தில் 0.7 பங்குதான். பூசும் பவுடருக்கும் தோலுக்குள் வாழப்போகும் மைக்கும் ஒரே தராசு போதாது. 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், மை மாதிரிகளில் 22 உலோகங்கள் தெரியவந்ததாகச் சொல்லி, ஒன்றிய அரசு தரம் வகுக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கோரிக்கை.

தரம் இருந்தும் சோதனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளமே சாட்சி. மலப்புறம் கோட்டக்கல் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் இழந்து வந்த நோயாளிகளிடம் ஒரு அபூர்வ வகைப் பாதிப்பைக் கண்டார்கள். அந்த வகை உறுதியான 15 பேரில் 13 பேர் தோல் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் பாதரசம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் அழகுசாதனப் பொருள்களைச் சோதித்தது. அனுமதித்ததைப்போல 12,000 மடங்கு பாதரசம் உள்ள பொருள்கள் பிடிபட்டன. அந்தச் சோதனைப் பட்டியலில் பச்சை குத்தும் மையும் தலை மையும் ஏற வேண்டும் என்று நான் வேண்டுகிறேன். ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள் தொலைவில் இல்லை. வித்துராவிலேயே ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் மலையடிவாரத்தில் நிற்கிறது. பூஜப்புரையில், உடலுக்குள் வைக்கும் பொருள் திசுக்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

குப்பியின் சீட்டை நம்பலாமா என்றும் கேட்பீர்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவில் விற்ற 54 மைகளைச் சோதித்ததில் 45இல் சீட்டில் இல்லாத பொருள் இருந்தது. சீட்டு முழு உண்மை சொல்லாது. சீட்டே இல்லாத குப்பி எதையுமே சொல்லாது. ஆகவே பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நிறப்பொருள் எண்களைச் சொல்கிறேன். கார்பன் பிளாக் சி.ஐ. 77266. இரும்பு ஆக்ஸைடில் சிவப்பு 77491, மஞ்சள் 77492, கறுப்பு 77499. டைட்டானியம் டை ஆக்ஸைடு 77891. வேறு எண் இருந்தால் அது என்னவென்று கேளுங்கள், பதில் வரும்வரை நாற்காலியில் உட்காராதீர்கள். தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி, கிருமிநீக்கம் செய்யப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். குப்பியின் முத்திரை உங்கள் முன்னால் உடைய வேண்டும். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘மூலிகை மை’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் தோலுக்குள் நிற்கும் கறுப்பு மூலிகையால் வருவதில்லை.

சொரியாசிஸ் உள்ளவர்கள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், தலைமுடிச் சாயத்தால் அரிப்பு வந்தவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சொரியாசிஸ் தோலில் ஊசி பட்ட இடமெல்லாம் புதிதாக நோய் எழும்பக்கூடும். காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துச் சோதிப்பது நல்லதுதான். சில ஒவ்வாமைகள் மாதங்கள் கழித்தும் வரும் என்பதால், அது முழு உத்தரவாதம் தராது.

செய்து முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் ஆறாத சிவப்பு, சீழ் இல்லாத சின்னச் சின்னக் கட்டிகள், வீங்கிய பிடரி முடிச்சு, இவற்றில் எது வந்தாலும் மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தேய்க்காதீர்கள். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். குப்பியின் படத்தைக் காட்டுங்கள். அப்படியே மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். தொகுதி எண்ணோடு வரும் புகாரை வைத்துத்தான் ஆய்வாளர் கடைக்குப் போய் அதே தொகுதிக் குப்பியைத் தேடி மாதிரி எடுக்க முடியும்.