விளக்கும் வீட்டுக் கணக்கும்

2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரு திங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக அளிக்கத் தொடங்கிற்று. இலவசந்தானே என்று, வேளச்சேரியில் என் இல்லத்துத் திண்ணை விளக்கை நான் அணைக்காது விட்டதுண்டு. 60 வாட் குண்டு விளக்கு. நாள்தோறும் ஐந்து மணி நேரம். கணக்கிட்டேன்: இரு திங்களுக்கு 18 யூனிட்! வெட்கமுற்று, 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டினேன், செலவு மூன்று யூனிட்டுக்கும் குறைந்தது. இத்தகைய விளக்குகளை மலிவாக வழங்கவே மத்திய அரசு 2015-இல் 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2024-இல் வந்த 'சூர்ய கர்' திட்டமோ, மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு அமைப்போருக்கு 78,000 ரூபாய் மானியம் வகுத்தது. இவை யாவும் பொதுமக்கள் பணமே. வீணாக்கும் வீட்டுக்கு மானியம் அளிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். ஆதலின் முதலில் ஓட்டையை அடைப்போம்; பின்னர் உதவியைப் பெறுவோம். இன்றிரவே உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.